அடிக்கும் முன் அது எதுவென்று பாருங்கள்!

குளியலறைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, சாம்பல் நிறத்தில் தட்டையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். நீளம் ஒரு சென்டிமீட்டர் இருக்கலாம். நடுவில் அகலம், இரண்டு முனைகளிலும் ஒடுக்கம். பூச்சு உதிர்ந்து ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிடுவோம். மறுநாள் பார்த்தால் அதே துணுக்கு ஓர் அடி தள்ளி இருக்கும். கொஞ்சம் பொறுமையாக நின்று பாருங்கள். ஒரு முனையிலிருந்து பழுப்பு நிறத் தலை வெளியே வரும். தலையை ஒட்டிய ஆறு குட்டிக் கால்கள் சுவரைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கூடு முழுவதையும் இழுத்துக்கொண்டு மெல்ல நகரும். ஈர்க்குச்சியால் தொட்டால் உள்ளே ஒடுங்கிவிடும். சற்று நேரத்தில் எதிர்முனையிலிருந்து தலையை நீட்டும். கூட்டுக்கு இரண்டு பக்கமும் வாசல். உள்ளேயே திரும்பிக்கொள்ளும் அளவுக்கு இடம்.

இது ஒரு சிறிய சாம்பல் நிற அந்துப்பூச்சியின் புழு. தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலில் மணல், தூசி, துணிப்பிசிறு எல்லாவற்றையும் கோத்துத் தானே கட்டிக்கொண்ட வீட்டைச் சுமந்து திரிகிறது. ஈரம் தங்கும் சுவர்கள் அதற்குப் பிடித்தமானவை. அதன் சாப்பாடு பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, செத்த பூச்சிகளின் எச்சம். கம்பளி கிடைத்தால் அதையும் அரிக்கும். கடிக்காது, கொட்டாது, நோய் பரப்பாது. ஒட்டடை அடித்து, மூலைகளைக் கூட்டி, அறையில் காற்றோட விட்டால் தானாகக் குறைந்துவிடும். இதற்கு மருந்து அடிப்பது வீண் செலவு, அந்த நஞ்சை மூடிய குளியலறையில் சுவாசிப்பது அதைவிடப் பெரிய கேடு.

பூச்சி என்றதும் நம் வீடுகளில் கை முதலில் போவது விளக்குமாற்றுக்கு. அடுத்தது மருந்து டப்பாவுக்கு. அது எது என்று கேட்பது கடைசியில்தான், பல நேரம் கேட்பதே இல்லை. இந்த வரிசை மாற வேண்டும். எந்தப் பூச்சி என்று தெரிந்தால்தான் அதை விட்டுவிடலாமா, விரட்ட வேண்டுமா, மருத்துவரிடம் ஓட வேண்டுமா, வேளாண் துறைக்குச் சொல்ல வேண்டுமா என்பது தெரியும். உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட பூச்சியினங்கள் சுமார் 10 லட்சம், இந்தியாவில் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல். மலைக்க வேண்டாம். நம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வந்து போகிறவை அதில் மிகச் சிறிய கூட்டம். பழகிவிட்டால் அவற்றைப் பிரித்தறிவது கடினமில்லை.

காலை எண்ணுங்கள், சிறகை எண்ணுங்கள்

பூச்சி என்றால் ஆறு கால். உடல் தலை, மார்பு, வயிறு என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். எட்டுக் கால் இருந்தால் அது சிலந்தி, தேள், உண்ணி வகையறா. முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் உருண்டையான தம்பலப்பூச்சிக்குக்கூட எட்டுக் கால்தான். அதுவும் உண்ணிகளின் உறவு. கணுவுக்கு ஒரு ஜோடிக் கால் இருந்தால் பூரான், கணுவுக்கு இரண்டு ஜோடி இருந்தால் மரவட்டை. முதலாவது நஞ்சுள்ள வேட்டைக்காரன், இரண்டாவது மக்கிய இலை தின்னும் அப்பிராணி. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டையைக் கண்டு அலறும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தாலே பயம் போய்விடும்.

அடுத்தது சிறகு. ஈ, கொசு இனத்துக்கு இரண்டே சிறகு. தேனீ, குளவி, வண்டு, வண்ணத்துப்பூச்சிக்கு நான்கு. துளசிப் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் மஞ்சள் கறுப்புப் பட்டைக்காரனைத் தேனீ என்று நினைத்துக் கையை ஓங்குவோம். கவனித்தால் இரண்டே சிறகு, பெரிய கண்கள், குட்டையான உணர்கொம்பு. அது ஒரு வகை ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது. அதன் புழுக்களில் பல, செடியில் அப்பியிருக்கும் அசுவினியைத் தின்று வளர்பவை.

காலும் சிறகும் போக, இடமும் நேரமும் முக்கியமான சாட்சிகள். விளக்குக்கு வந்ததா, பூவுக்கு வந்ததா? அரிசி டப்பாவில் இருந்ததா, புத்தகத்துக்குள் இருந்ததா? மழைக்கு மறுநாளா, கொளுத்தும் பங்குனி வெயிலிலா? ஒரு பூச்சியைப் பற்றி நிபுணர் முதலில் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான்.

ஈசலில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மழை ஓய்ந்த மாலையில் விளக்கைச் சுற்றிச் சிறகுதிர்க்கும் கூட்டத்தில் ஈசலும் வரும், சிறகு முளைத்த எறும்பும் வரும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும், முன்சிறகு பின்சிறகைவிடப் பெரிதாக இருக்கும். ஈசலுக்கு இடுப்பே தெரியாது, உணர்கொம்பு நேராக இருக்கும், நான்கு சிறகும் ஒரே நீளம். ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான். கரையான்கள் எறும்புக்குச் சொந்தமில்லை, கரப்பான்பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்த ஈசலைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கிராமங்களில் பிடித்து வறுத்துத் தின்பதும் உண்டு. ஆனால், கதவு நிலைக்குள்ளிருந்தோ தரை வெடிப்பிலிருந்தோ அவை புறப்பட்டு வந்தால் விஷயம் வேறு. அங்கே ஒரு கரையான் குடியிருப்பு பல ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது என்று பொருள். அன்றே மரவேலை தெரிந்தவரை அழைத்து நிலையைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அக்கி என்று நினைத்த கொப்புளம்

வயலை ஒட்டிய வீடுகளிலும் விடுதிகளிலும் மழைக்காலத்தில் அடிக்கடி நடப்பது இது. இரவு படுக்கும்போது ஒன்றுமில்லை. ஓரிரு நாள் கழித்துக் கழுத்திலோ முகத்திலோ கோடு இழுத்ததுபோல் சிவந்து எரிகிறது. பிறகு கொப்புளம். பல்லி எச்சில் பட்டுவிட்டது என்பார் ஒருவர், சிலந்தி ஊர்ந்திருக்கும் என்பார் இன்னொருவர். அக்கி என்று முடிவு கட்டிக் காவி எழுதிக்கொள்ளப் போவோரும் உண்டு.

பெரும்பாலும் இதற்குக் காரணம் எறும்பு அளவிலான ஒரு வண்டு. ஏழு முதல் பத்து மில்லிமீட்டர் நீளம். கறுத்த தலை, ஆரஞ்சு மார்பு, கருநீலமாக மின்னும் குட்டைச் சிறகுறை, ஆரஞ்சு வயிறு, வயிற்றின் நுனியில் மறுபடி கறுப்பு. சிறகுறை பாதி உடலைத்தான் மூடும் என்பதால் பார்ப்பவர்கள் வண்டு என்றே நினைப்பதில்லை. ஓடும்போது வயிற்று நுனியைத் தேள்போல் உயர்த்தும். ஆனால் இது கடிக்காது, கொட்டாது. இதன் உடலுக்குள் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. அதை உண்டாக்குவதும் அந்த வண்டு அல்ல, அதன் உடலில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா. தோலில் ஊரும் வண்டைத் தூக்கக் கலக்கத்தில் நாம் நசுக்கித் தேய்க்கும்போதுதான் நச்சு வெளியே வருகிறது. கை எந்தப் பக்கம் தேய்த்ததோ அந்தப் பக்கம் கோடு விழுகிறது. முழங்கை மடிப்பில் பட்டால், மடிக்கும்போது ஒட்டும் எதிர்ப்பக்கத்திலும் அதேபோல் ஒரு புண் வரும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினால் கண்ணும் வீங்கும்.

அக்கி என்பது வைரஸ் நோய். உடலின் ஒரு பக்கம் மட்டும், ஒரு நரம்பின் வழியே வரும். கொப்புளத்துக்கு முன்பே வலி தொடங்கிவிடும். அதற்கான மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். எனவே வண்டுப் புண்ணை அக்கி என்று நினைத்தாலும், அக்கியைப் பூச்சிக் கடி என்று அலட்சியம் செய்தாலும் நஷ்டம் நமக்குத்தான். எதுவென்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

இந்த வண்டு மேலே ஊர்ந்தால் நசுக்காதீர்கள். ஊதி விடுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரவில் படுக்கைக்கு நேர் மேலே இருக்கும் விளக்கை அணைத்துவிடுவதும், ஜன்னலுக்கு வலை போடுவதும் மருந்து தெளிப்பதைவிட நன்றாக வேலை செய்யும். நெல் வயலில் இது விவசாயியின் நண்பன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பயிரைக் கருக்கும் புகையானைப் பிடித்துத் தின்கிற வண்டு இது.

கரப்பானை நடத்திச் செல்லும் குளவி

கழிவறை ஜன்னல் கண்ணாடியில் கன்னங்கரேலென்று ஒரு சிறு குளவி நடந்துகொண்டிருக்கும். பின்னங்கால்கள் நீளம். வயிறு மட்டும் சின்ன முக்கோணமாக முதுகின் மேற்பக்கம் ஒட்டியிருக்கும். நடக்கும்போது அந்த வயிறு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இது உங்களைக் கொட்ட வரவில்லை. கரப்பான்பூச்சி ஒட்டிவைத்துப்போன முட்டைப் பையைத் தேடி வந்திருக்கிறது. அதற்குள் தன் முட்டையை இடும். பொரிந்து வரும் புழு, பையில் இருக்கும் கரப்பான் முட்டைகளைத் தின்றே வளரும். இந்தக் குளவி கண்ணில் பட்டால், வீட்டில் எங்கோ கரப்பான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. மயில்கழுத்துப் பச்சையில் மின்னும் உடல், சிவந்த தொடைகள், இரண்டு சென்டிமீட்டர் நீளம். தன்னைவிடப் பெரிய கரப்பானை அது எதிர்கொள்ளும் விதம் உலகப் பூச்சியியலாளர்கள் பலரையும் ஈர்த்தது. முதல் கொட்டு மார்பில். முன்னங்கால்கள் சில நிமிடம் செயலிழக்கின்றன. இரண்டாவது கொட்டு தலைக்குள் இருக்கும் நரம்பு முடிச்சில், மிகத் துல்லியமாக. அதன்பின் கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாகத் தப்பி ஓடும் உந்துதல் போய்விடும். குளவி அதன் உணர்கொம்பைப் பாதியில் கத்தரித்து, மிச்சத்தைப் பற்றிக்கொண்டு, தும்பைப் பிடித்து மாட்டை ஓட்டுவதுபோலப் பொந்துக்கு நடத்திச் செல்லும். உள்ளே கரப்பானின் காலில் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, வாசலைச் சிறு கல்லாலும் குப்பையாலும் அடைத்துவிடும். புழுவுக்கு அந்தக் கரப்பானே உணவு. கரப்பானைக் கட்டுப்படுத்துவதற்காக 1941-இல் இந்தக் குளவியை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நம் ஊரில் இது தானாகவே இருக்கிறது. மருந்து அடிக்கும் வீடுகளில் கரப்பானோடு சேர்த்து இதையும் கொன்றுவிடுகிறோம்.

ஸ்விட்ச் போர்டிலும் ஜன்னல் மூலையிலும் மண்கூடு கட்டும் குளவியும் பெரும்பாலும் சாதுதான். தாய் தனியாளாகக் கட்டுகிறது. கூட்டைக் காக்கப் படை கிடையாது. சிலவகைக் குளவிகளின் கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே மயங்கிய நிலையில் சிலந்திகள் அடுக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் பச்சைப் புழுக்கள். புழுவை வைத்து மூடிய கூட்டிலிருந்து குளவி வருவதைப் பார்த்துத்தான், கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிறது என்று நம் முன்னோர் சொன்னார்கள். அவர்கள் பார்த்தது சரி. நடுவில் நடந்தது கூட்டுக்குள் மறைந்துவிட்டது: அந்தப் புழு, குளவிக் குஞ்சுக்குத் தாய் வைத்துப்போன உணவு.

எல்லாக் குளவியும் சாது இல்லை. டெல்டா மாவட்டங்களில் கதண்டு என்று சொல்லப்படும் பெருங்குளவி வேறு ரகம். கருத்த உடலும், வயிற்றின் குறுக்கே அகன்ற மஞ்சள் பட்டையும் அதன் அடையாளம். பனை, தென்னை, மரப்பொந்து, பாழடைந்த கட்டடம் என்று கூடு கட்டும். கூட்டில் கல் விழுந்தால் கூட்டமாக வந்து கொட்டும். நிறையக் கொட்டு வாங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து உண்டு. ஆகவே முதலில் ஆள் தெளிவாகத் தெரிந்தாலும் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். மூச்சுத் திணறல், உதடு வீக்கம், மயக்கம் வந்தால் ஒரே கொட்டானாலும் 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது. கூட்டை நீங்களே தீ வைத்து அழிக்கப் போகாதீர்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். பத்திரிகைகளில் இதையும் மலைத்தேனீயையும் சேர்த்து ‘விஷ வண்டு’ என்று எழுதும் பழக்கத்தை நாங்களும் கைவிட வேண்டும். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும், அதை உடனே சுரண்டி எடுக்க வேண்டும். குளவி அப்படி விட்டுப்போவதில்லை. எது கொட்டியது என்று செய்தியே குழப்பினால், முதலுதவியும் குழம்பும்.

இன்னொன்று. சுவர் வெடிப்பிலோ மீட்டர் பெட்டியிலோ மெழுகும் பிசினும் கலந்த சிறு குழாய் நீட்டிக்கொண்டு, கொசு அளவில் கறுப்பாகப் பறப்பவை தெரிந்தால், அது கொசுத்தேனீ. கொடுக்கே இல்லாத தேனீ. காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைக் காப்பாற்ற வேண்டும். சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள்.

பெயர் தப்பினால் கண்டமே பட்டினி

தோட்டத்துக்கு வருவோம். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்கள் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் மாறின. காய் சுருங்கியது, மரம் காய்ந்தது. அங்கிருந்து மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று கண்ட செடியிலெல்லாம் ஏறியது. மாவுப்பூச்சி நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் இது பழக்கமான மாவுப்பூச்சி இல்லை. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி. விஞ்ஞான உலகில் அதற்குப் பெயர் சூட்டப்பட்டதே 1992-இல்தான். மருந்து அடித்தவர்கள் தோற்றார்கள். உடலை மூடிய மெழுகு, மருந்தை உள்ளே விடவில்லை. பூச்சியைத் தின்ன வந்த மற்றவைதான் செத்தன.

பெயர் தெரிந்ததால் தீர்வும் தெரிந்தது. இந்தப் பூச்சியின் சொந்த நாட்டில் அதை அடக்கி வைத்திருக்கும் ஒட்டுண்ணிக் குளவி எது என்பது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவியினங்களை வரவழைத்தார்கள். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுள்ள அந்தக் குளவி, மருந்து சாதிக்காததைச் சாதித்தது.

பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா சாட்சி. 1970-களில் அங்கே மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவு அந்தக் கிழங்கு. பூச்சியின் தாயகத்தைத் தேடித் தென்னமெரிக்காவின் வடபகுதியில் அதேபோன்ற மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அதன் எதிரிகளைக் கொண்டுவந்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் அது வேறு இனம். உண்மையான பூச்சி 1981-இல் பராகுவேயில் கிடைத்தது. அதன் எதிரியான குளவியை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பிய பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்தது. இம்முறை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதே குளவியை விட்டார்கள்.

வீட்டுத் தோட்டத்தில் நாம் செய்யும் பெரிய தவறு பொறிவண்டின் புழுவைக் கொல்வது. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டை எல்லோருக்கும் பிடிக்கும். அதன் புழு அழகாக இருக்காது. கருத்து, முள்முள்ளாக, நீளமாக இருக்கும். செம்பருத்திக் கிளையில் மாவுப்பூச்சிகளுக்கும் அசுவினிக்கும் நடுவே அது ஊர்வதைப் பார்த்ததும், இதுதான் செடியைத் தின்கிறது என்று நசுக்கிவிடுகிறோம். மிச்சமிருப்பது மாவுப்பூச்சியும் அசுவினியும்தான். சில பொறிவண்டு இனங்களின் புழு மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். வேகமாக நடந்தால் அது வேட்டைக்காரன், பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடந்தால் மாவுப்பூச்சி.

2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈயும் இப்படி வந்து சேர்ந்த அந்நியன். ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக வெள்ளை முட்டை வரிசை, கீழே இருக்கும் வாழை, கொய்யா இலைகளில் பிசுபிசுப்பும் கரும்பூசணமும். அதற்கும் ஒட்டுண்ணிக் குளவி வயல்களிலேயே இருக்கிறது. கண்டபடி மருந்து அடித்த இடங்களில்தான் அது பிழைப்பதில்லை.

2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் எறும்புகள் பெருகி, ஆடு மாடுகளின் கண்களைத் தாக்குவதாக மக்கள் புகார் சொன்னார்கள். நீண்ட கால்களோடு தாறுமாறாக ஓடும் மஞ்சள் நிற எறும்பு அது. உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இடம்பெற்றது. அது கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. கண் பாதிப்புக்குக் காரணம் அதுதான். அந்த எறும்பு வழக்கமானது இல்லை என்று முதலில் உணர்ந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

யாரிடம் கேட்பது?

கையில் கைப்பேசி இருக்கிறது. மூன்று படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரியும்படி ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். செடியில் இருந்தால் செடியையும் எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றினால் கணினி ஒரு பெயர் சொல்லும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பூச்சிகளில் பல இனங்களைப் படத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. அந்தத் தளத்தில் உள்ள நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பெயருக்குத்தான் மதிப்பு. பிடித்து வைப்பதென்றால், மூடியுள்ள சிறு குப்பியில் சானிடைசர் ஊற்றி அதில் போட்டு வையுங்கள், உருக்குலையாமல் இருக்கும்.

பயிர், தோட்டம் சார்ந்ததென்றால் மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். பொன்வண்டைத் தீப்பெட்டியில் வைத்து வளர்த்த தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அங்கே போனால்தான் தெரியும்.

இதுவரை பார்க்காத ஒன்று உங்கள் செடியில் கூட்டமாகத் தென்பட்டால், மருந்து அடிக்கும் முன் படம் எடுத்து, நாள், ஊர், எந்தச் செடி என்ற மூன்றையும் எழுதி வேளாண் அறிவியல் நிலையத்திடம் கொடுங்கள். அடித்த பிறகு கொடுக்க ஒன்றும் இருக்காது.